கதவோரம் நான்கு விரல் இடம்

பன்னீர்செல்வம் எந்த ஃபிரிட்ஜையும் போனவுடன் திறந்துவிட மாட்டான். செருப்பை வாசலில் கழற்றுவான். சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்க்ரூ டிரைவர், குறடு, மீட்டர் எல்லாவற்றையும் அளவு பார்த்து அடுக்குவான். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பான். கம்ப்ரஸர் எப்படி ஓடுகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறதா, எங்காவது ஏதாவது உரசுகிறதா என்பதெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் தெரியாது. அவசரப்படுகிறவர்கள் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். பன்னீர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக இதே வேலை. அக்கா அஞ்சலை மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவன் தொழிற்பள்ளியில் குளிர்சாதன வகுப்பை முடித்தான். அந்தச் சான்றிதழ் இன்னும் சிங்கப்பூரில் அவர்களுடைய சுவா சூ காங் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தூசி படியாமல் வாரம் ஒரு முறை துடைக்கப்படுகிறது. அவனுக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்காளுக்குக் கணவர் தவறிப் பத்து வருடம் ஆகிறது. வேலைக்கு வரும் போன்களை அவள்தான் எடுப்பாள். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுபோனவள். ஆனாலும் தேதி, கிழமை, பிளாக் எண், எந்தக் கம்பெனிப் பெட்டி, என்ன குறை சொன்னார்கள் என்று ஒன்றையும் விடாமல் டைரியில் எழுதிவைப்பாள்.

லிட்டில் இந்தியாவில் பாதிச் சாப்பாட்டுக் கடைகளின் பெட்டிகள் அவன் கையில்தான். பன்னீர் பார்த்த பெட்டி மறுபடி கூப்பிடாது என்று அங்கே சொல்வார்கள். அது உண்மைதான். அவன் சரிசெய்த பிறகும் மறுபடி கூப்பிட்டது ஒரே ஒரு வீடு. மார்சிலிங்கில் பத்தாவது மாடி.

முதல் அழைப்பு வந்தது பிப்ரவரி இருபது, செவ்வாய்க்கிழமை. வீட்டு ஃபிரீசர், குளிர் நின்றுபோகிறது, அவசரம். மத்தியானம் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் மஜீது கடையில் மீன்குழம்புச் சாப்பாட்டை முடித்த கையோடு பன்னீர் வேனை எடுத்துக்கொண்டு போனான்.

கதவைத் திறந்தவள் நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண். தோளில் துணி, துணியின் மேல் கைக்குழந்தை. ஹாலில் ஓர் இளம்பெண்ணின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். மாலை புதிது. பன்னீர் குழந்தையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குப் போனான்.

மூலையில் நின்ற ஃபிரீசர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காதை வைத்தான். கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடியது. ஆனால் உள்ளே இன்னொரு சத்தம். டக்… டக்… டக்… சின்ன இடைவெளி. மறுபடி டக்… டக்…

"அண்ணே," என்றாள் அந்தப் பெண், குரலை இறக்கி. "இந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குதும்மா. ஃபேன் எதுலயோ இடிக்குது."

"ஃபேனா?" அவள் குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தினாள். "என் தங்கச்சி பால் எடுக்கிற மெஷின் இப்படித்தான் சத்தம் போடும். ராவும் பகலும் எடுத்துக்கிட்டே இருந்தா. நாலு நாளா இது கேக்குது. நான் பைத்தியமாயிட்டேனோன்னு பயந்துட்டேன்."

அவள் பெயர் லட்சுமி. இறந்தவள் தங்கை நிரஞ்சனா. குழந்தை டிசம்பர் பதினெட்டில் குறைமாதத்தில் பிறந்து ஐந்து வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதனால் குடிக்க முடிந்தது சொட்டுச் சொட்டாகத்தான். நிரஞ்சனாவுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து, பையில் அடைத்து, உறையவைத்தாள். அதற்காகவே இந்த ஃபிரீசரை வாங்கினார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு காலையில், நுரையீரலில் ரத்தம் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பிப்ரவரி ஏழு.

பன்னீர் கதவைத் திறந்தான். ஐந்து தட்டிலும் தட்டையாக உறைந்த பைகள், புத்தகங்களைப் போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் தேதி, நேரம், எத்தனை மில்லி. சிலவற்றில் அதற்குக் கீழே ஒரு வார்த்தை. மழை. தூக்கமில்லை. இன்னிக்கி கண்ணைத் திறந்தான்.

வாசல் பக்கத்திலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது. "நூத்தி முப்பது இருக்கு அங்கிள். ஒரு நாளைக்கு ஒண்ணு குடுக்கிறோம், மத்ததெல்லாம் டின் பால். இப்படிக் குடுத்தா இவனுக்கு ஆறு மாசம் வரைக்கும் வரும். ஆறு மாசத்துக்கு அவதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. ஒண்ணுகூட வேஸ்ட் ஆகக் கூடாது."

அவன் சரத், குழந்தையின் அப்பா. முப்பத்து நான்கு வயது இருக்கலாம். சவரம் செய்யாத முகம்.

"ஆகாது தம்பி," என்றான் பன்னீர்.

பைகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, உள்ளே பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். நினைத்தபடியே இருந்தது. குளிரூட்டும் சுருள்குழாயான காயில் கண்ணுக்கே தெரியவில்லை, அதன் மேல் பாறையாகப் பனி. ஃபேனின் இறக்கை அந்தப் பனியில்தான் இடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பெட்டியில் தினமும் சில முறை ஒரு சின்ன ஹீட்டர் தானாக எரிந்து காயிலின் பனியைக் கரைக்க வேண்டும். பனி கரையவில்லை என்றால் காற்று உள்ளே சுற்றாது, கம்ப்ரஸர் எவ்வளவு ஓடினாலும் குளிர் வராது. பனியைக் கரைத்து, ஹீட்டரை மீட்டரில் பார்த்தான், நன்றாக இருந்தது. ஹீட்டரை எரியவைத்து நிறுத்தும் சின்ன தெர்மோஸ்டாட்தான் சந்தேகமாகப் பட்டது. அதை மாற்றினான்.

கடைசியாகக் கதவு ரப்பர். இது அவனுடைய வழக்கம். வீட்டிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த நாள்காட்டித் தாளைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுப்பான். தாள் லேசில் வராமல் இறுகினால் ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது. சும்மா நழுவினால் வெளிக்காற்று உள்ளே போகிறது. சிங்கப்பூர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, உள்ளே பனி கட்ட அது போதும். மேலே, கீழே, கீல் பக்கம், கைப்பிடிப் பக்கம் என்று விரல் விரலாக வைத்து இழுத்துக்கொண்டே வந்தான். கைப்பிடிக்குச் சற்று மேலே வந்ததும் கை நின்றது.

அங்கே ஒரு மஞ்சள் கயிறு. வெளியே கைப்பிடிக்குள் நுழைந்து, கதவின் விளிம்பைச் சுற்றி உள்ளே போய், கதவுத் தட்டின் கம்பியில் மூன்று முடிச்சாக முடிந்திருந்தது. முடிச்சில் விரல் நக அளவு மஞ்சள் கிழங்கு.

"சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல வாங்குனது," என்றாள் லட்சுமி. "நாப்பது நாள் கழிச்சு மொதல்ல கோயிலுக்குப் போனா. பிள்ளையப் பாக்க வர்றவங்க எல்லாம் இதத் தொறந்து பாத்து, 'அம்மாடி, இவ்ளோ பாலா'ன்னு வாயப் பொளந்தாங்க. கண்ணு பட்டுடும்னு அவ கையாலயே கட்டினா."

பன்னீர் தன் கையைப் பார்த்தான். மீன்குழம்பு சாப்பிட்ட கை. சாவு வீட்டில், அம்மன் கயிற்றில், அதுவும் செத்துப்போனவள் கட்டிய கயிற்றில் கவிச்சிக் கையை வைப்பதா? அந்த நான்கு விரல் இடத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழேயிருந்து தாளை வைத்துத் தொடர்ந்தான்.

"ஓகே லா, இனிமே தொந்தரவு வராது," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

மார்ச் பத்து, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போன். அதே குறை, அதே சத்தம், காயிலில் அதே பாறை. மேல்தட்டில் மூன்று பைகளின் ஓரம் இளகியிருந்தது. நடுவில் ஐஸ் இருந்ததால் தப்பித்தன. பன்னீருக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. ஹீட்டர் எரியும் நேரத்தைக் கணக்குவைக்கும் டைமரை மாற்றினான். ஃபேன் மோட்டாரையும் மாற்றினான். கதவு ரப்பரை மறுபடி தாள் வைத்துப் பார்த்தான். அன்றைக்கும் கயிறு வந்த இடத்தில் கை தானாகத் தாண்டிப் போயிற்று. தாண்டியது அவனுக்கே தெரியவில்லை.

சரத் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஷுவரா அங்கிள்?"

"ஷுவர் தம்பி."

அந்த வார்த்தை அவனை விடவில்லை. வேனில் சிக்னல் விளக்கைப் போட்டால் டக் டக் என்றது, அதில் அந்த ஃபேன் கேட்டது. ரயிலில் கதவு மூடும் முன் வரும் மணியில் கேட்டது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையைப் பிசைந்த சோற்றோடு நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா சோத்த வச்சுக்கிட்டு செவுத்தப் பாக்குற?" என்றாள் அஞ்சலை. "சமையல் நல்லா இல்லன்னா வாயத் தொறந்து சொல்லு."

"அதில்லக்கா. நம்ம ஃபிரிட்ஜு டக் டக்குங்குது பாரு."

"அது கடிகாரம்டா. உனக்கு பொண்டாட்டி இல்லாத கொறைய அந்தப் பெட்டிங்க தீத்து வைக்குது. கூப்பிட்டா ஓடுற, கூப்பிடலன்னா ஏங்குற."

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு பையிலயும் மணி எழுதியிருக்குக்கா. ரெண்டு நாப்பது, அஞ்சு அம்பது. கண்ண மூடினா அந்த எழுத்துத்தான் தெரியுது. நான் ஷுவர்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு என்னமோ ஷுவரா இல்ல."

மார்ச் இருபத்தேழு, புதன்கிழமை. நோன்பு மாதம். மஜீது கடையில் சாயங்காலக் கஞ்சிக்கான இறைச்சி வைத்திருந்த படுக்கை ஃபிரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி தாடிபோலத் தொங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார். பன்னீர் காலையிலேயே போய்விட்டான்.

"என்னா பன்னீரு, மூஞ்சி இப்படிக் கெடக்கு? நோன்பு நானா நீயா?" என்றார் மஜீது.

பன்னீர் மூடியைத் தூக்கினான். தாடி தொங்கிய இடத்துக்கு நேர் மேலே, மூடி ரப்பரில், பிளாஸ்டிக் பை ஒன்றின் நுனி மாட்டியிருந்தது. சுண்டு விரல் அகலம்தான்.

"பாய், இது எத்தன நாளா மாட்டியிருக்கு?"

"யாரு கண்டா. ரெண்டு வாரம் இருக்கும். ஒரு பை நுனி என்னய்யா பண்ணிடும்?"

பன்னீர் அந்த நுனியை இழுத்தான். விரலில் பிடித்தபடியே நின்றான். மூடியைக்கூடச் சாத்தவில்லை.

"யோவ், என்னய்யா ஆச்சு? பெட்டி அவுட்டா?"

"உங்க பெட்டிக்கு ஒண்ணும் இல்ல பாய். பைய எடுத்தாச்சு, அவ்ளோதான்." போனை எடுத்து அக்காளைக் கூப்பிட்டான். "அக்கா, டைரி பாரு. மார்சிலிங். மொதல் போன் என்னிக்கி?"

தாள் புரளும் ஓசை. "பிப்ரவரி இருவது, செவ்வாக்கெழம, காலையில பத்தே கால்."

"ரெண்டாவது?"

"மார்ச் பத்து, ஞாயிறு. நடுவுல பத்தொம்பது நாளு. ஏன்டா?"

"நாப்பது நாள் கழிச்சு கோயிலுக்குப் போனுச்சுன்னு சொன்னாங்க. பிள்ளை பொறந்தது டிசம்பர் பதினெட்டு. அது என்னிக்கி வரும்?"

அஞ்சலை விரல்விட்டு எண்ணுவது போனிலேயே கேட்டது. "ஜனவரி இருவத்தேழு வரைக்கும் தீட்டு. அதுக்கப்புறம் மொதல் வெள்ளி பிப்ரவரி ரெண்டு. கோயிலுக்கு வெள்ளிக்கெழமதானே போவாங்க. அதுலேருந்து மொதல் போனுக்குப் பதினெட்டு நாளு." கொஞ்சம் நிறுத்தினாள். "பன்னீரு, மார்ச் பத்துலேருந்து இன்னிக்குப் பதினேழு நாள்டா."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவன் வேனுக்கு ஓடினான்.

கயிறு கட்டுவதற்கு முன்னால் ஆறு வாரம் அந்தப் பெட்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. கட்டிய பிறகு ஒவ்வொரு பதினெட்டு, பத்தொன்பது நாளிலும் நிற்கிறது. தெர்மோஸ்டாட்டும் இல்லை, டைமரும் இல்லை. நூல் கனத்துக்கு ஓர் இடுக்கு. அதன் வழியாக ஈரக்காற்று இரவும் பகலும் நுழைந்து, ஹீட்டர் கரைப்பதைவிடக் கூடுதலாகப் பனி கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வேறு எந்த வீட்டிலாக இருந்தாலும் முதல் நாளே அந்த நான்கு விரல் இடத்திலும் தாளை வைத்துப் பார்த்திருப்பான். சீன மெக்கானிக்கோ மலாய் மெக்கானிக்கோ வந்திருந்தால் கயிற்றை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பார்கள். அது என்ன கயிறு என்று தெரிந்ததால்தான் அவன் பார்க்காமல் விட்டான்.

லட்சுமி கதவைத் திறந்து திகைத்தாள். "நாங்க இன்னும் கூப்பிடவே இல்லையே அண்ணே!"

"சத்தம் கேக்குதாம்மா?"

"நேத்துலேருந்து," என்றாள். "சரத் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கான். நானும் சொல்லல, அவனும் சொல்லல."

சமையலறையில் சரத் ஃபிரீசருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பன்னீர் கதவைத் திறந்து மேல்தட்டில் கையை வைத்தான். பைகள் தளதளத்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பதினொன்றில் ஒரு துளி ஐஸ்கூட இல்லை.

"நேத்து உருகுச்சோ முந்தாநேத்தோ, சொல்ல முடியாது," என்றாள் லட்சுமி. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். "முழுசா உருகுனா ஒரு நாளுக்குள்ள குடுத்துடணும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குறைமாசப் பிள்ளை அண்ணே, ரிஸ்க் எடுக்க முடியாது."

பன்னீர் நாள்காட்டித் தாளை எடுத்தான். கயிறு இருந்த இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினான். இழுக்க வேண்டிய வேலையே இல்லாமல் தாள் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

சரத் விழுந்த தாளைப் பார்த்தான், பிறகு கயிற்றைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல," என்றான்.

"தம்பி…"

"அவ கட்டினதாலதான் அவ பால் கெட்டுப்போச்சுன்னு சொல்ல வர்றீங்களா அங்கிள்? அதான் சொல்றீங்களா?"

"இல்ல தம்பி. கயித்து மேல தப்பில்ல. அந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. அதுக்கு ரப்பரப் பத்தித் தெரியுமா? எனக்குத் தெரியும். மொத நாளு இங்க தாள் வச்சுப் பாத்திருக்கணும், வைக்கல. சாமி கயிறுன்னு தாண்டிப் போயிட்டேன். ரெண்டாவது வாட்டியும் தாண்டிப் போயிட்டேன். நல்லா இருந்த சாமானையெல்லாம் மாத்திக் குடுத்தேன். தப்பு என்னுது."

"ஷுவர்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

குழந்தை அறைக்குள்ளிருந்து சிணுங்கியது. ஃபிரீசருக்குள் ஃபேன் இடித்துக்கொண்டே இருந்தது.

"மிச்சம் எம்பத்து மூணு இருக்கு," என்றான் பன்னீர். "இந்தக் கயிறு இங்க இருந்தா அதுவும் நிக்காது."

"அத அவுக்க முடியாது," என்றான் சரத். "அந்த முடிச்சு அவ போட்டது. அவுத்துட்டா அப்புறம் யாரு போடுவா? வெட்டவும் விட மாட்டேன்."

"அவுக்க வேணாம், வெட்டவும் வேணாம். எனக்கு அர மணி நேரம் குடுங்க." பன்னீர் லட்சுமியைப் பார்த்தான். "தாயி, குளிக்கிற ரூம் எங்க? நான் கை காலு கழுவிக்கிறேன். இன்னிக்கி இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

முகம் கை கால் கழுவிக்கொண்டு வந்து, கதவுக்கு முன்னால் மண்டியிட்டான். கைப்பிடியின் இரண்டு முனையிலும் மூடி, அவற்றுக்குள் ஸ்க்ரூ. மூடிகளை நகத்தால் நெம்பி எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கைப்பிடியைக் கதவிலிருந்து பிரித்தான். கயிற்றின் வெளிப்பக்கம் விடுபட்டது. உள்பக்கம்தான் கடினம். முடிச்சைச் சுற்றிப் பனி இறுகி, கயிறு ரப்பரின் மடிப்புக்குள் ஒட்டிக்கிடந்தது. ஹேர் டிரையரைக் காட்டினால் நார் கருகிப்போகலாம். வெந்நீரில் நனைத்த துணியைப் பிழிந்து அதன் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். பனி கரையக் கரைய மஞ்சள் நீர் அவன் விரலில் இறங்கியது. சரத் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

தட்டின் கம்பி இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளில் மாட்டியிருந்தது. குளிரில் அவை சட்டென்று முறியும். முறிந்தால் கம்பி துள்ளி முடிச்சை அறுத்துவிடும். கொக்கியை உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றி, கட்டைவிரலால் அழுத்தினான். ஒன்று விட்டது. இன்னொன்று. கம்பியை மெல்ல வெளியே உருவினான்.

கயிறு ஒரு வளையமாக அவன் உள்ளங்கையில் விழுந்தது. மூன்று முடிச்சும் அப்படியே, நடுவில் மஞ்சள் கிழங்கும் அப்படியே.

சரத் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினான். என்ன செய்வதென்று தெரியாதவன் போல நின்றான். லட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்து, வளையத்தை இரண்டு சுற்றாக மடித்து அதில் மாட்டிவிட்டாள். சரத் அப்போதுதான் அழுதான். மனைவி செத்த நாளிலிருந்து அவன் அழுது பார்க்கவில்லை என்று லட்சுமி பிறகு பன்னீரிடம் சொன்னாள்.

பனியைக் கரைத்து, எல்லாவற்றையும் பூட்டி, அந்த இடத்தில் தாளை வைத்து இழுத்தான். தாள் கிழிந்தது, நழுவவில்லை. நான்கு முறை இழுத்துப் பார்த்தான். பெட்டி ஓடத் தொடங்கியதும் இடிக்கும் சத்தம் இல்லை. சீரான இரைச்சல் மட்டும். அந்த அமைதியில் மூவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒன்று வீட்டைவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது பன்னீருக்கு.

மேசையில் பதினொரு பைகள்.

"சிங்க்ல ஊத்தக் கூடாது," என்றாள் லட்சுமி. "தாய்ப்பால் கால் படாத எடத்துலதான் போகணும்."

வாசலுக்கு வெளியே நடைபாதையில் கறிவேப்பிலைச் செடி ஒன்று பெரிய தொட்டியில் இருந்தது. சரத் ஒவ்வொரு பையாகப் பிரித்தான். ஊற்றுவதற்கு முன்னால் எழுத்தைச் சத்தமாகப் படித்தான். "ஜனவரி அஞ்சு. காலையில ரெண்டு அம்பது. அறுவத்தஞ்சு மில்லி." ஊற்றினான். "ஜனவரி அஞ்சு. ஆறு பத்து. எழுவது மில்லி. மழை." மண் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்து, பிறகு கறுத்தது. பன்னீர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் பைவரை நின்றான். அந்தப் பதினொன்றையும் இன்று கேட்டாலும் தேதி, நேரம், அளவு பிசகாமல் சொல்வான். யாரும் கேட்பதில்லை. சில சமயம் வேன் ஓட்டும்போது அவன் உதடு மட்டும் அசையும்.

அன்றைய வேலைக்கு அவன் காசு வாங்கவில்லை, முதல் இரண்டு முறை வாங்கியதையும் மேசை மேல் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பதினெட்டாவது நாள் கூப்பிடாமலே போய் நின்றான். காயில் சுத்தமாக இருந்தது. முப்பத்தாறாவது நாளும் போனான். லட்சுமி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். "அண்ணே, எங்களவிட உங்களுக்குத்தான் பயம் போல," என்றாள். பையன் அதற்குள் கழுத்து நின்று, வருகிறவர்களை முறைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தான். ஒவ்வொரு முறையும் தட்டுகளில் இடம் கூடிக்கொண்டே வந்தது. எழுத்துகள் குறைந்துகொண்டே வந்தன.

ஜூன் பத்தொன்பது காலை சரத் போன் செய்தான். பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை, ஆனாலும் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டான்.

பன்னீர் போனான். கீழ்த்தட்டில் இருந்த கடைசிப் பை முந்தின நாள் தீர்ந்துவிட்டது. பிப்ரவரி ஆறு, இரவு பத்து முப்பத்தைந்து, நூற்றுப் பத்து மில்லி. ஆறு மாதம் நிறைந்த நாளில் பையன் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தானாம். ஹாலில் லட்சுமி அவனுக்கு வாழைப்பழத்தை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி அவள் முகத்தில் இருந்தது. ஃபிரீசர் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"சுவிட்ச் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அங்கிள்," என்றான் சரத். "நேத்து ராத்திரிலேருந்து மூணு வாட்டி பக்கத்துல போயிட்டேன். கை வர மாட்டேங்குது. சும்மா மூட முடியாதுல்ல? ஏதாவது முறை இருக்குல்ல?"

"இருக்கு தம்பி," என்றான் பன்னீர். "சும்மா மூடிட்டா உள்ள பூஞ்சை புடிக்கும். நான் சொல்றேன்."

செய்தித்தாளை விரித்தான். அடியில் ஒரு வாளியை வைத்தான். சுவரோரம் குனிந்து சுவிட்சை அணைத்தான். கம்ப்ரஸர் ஒரு முறை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றது. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து சரத்திடம் கொடுத்தான். சரத் அவற்றைத் துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். கதவை அகலத் திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டை மடித்து இடையில் வைத்தார்கள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பனி கரைந்து வாளியில் சொட்டியது.

காலியான பெட்டியிலிருந்து குளிர் மெல்ல வழிந்து தரையோடு வந்து அவர்கள் பாதத்தில் பட்டது. சரத் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் குளிருது அங்கிள்."

"கொஞ்ச நேரம் இருக்கும்," என்றான் பன்னீர். அவனும் எழுந்திருக்கவில்லை.